நடுகல் நாயும் நாட்டு நாயும்: தகடூர்ப் பகுதிச் சான்றுகளை முன்வைத்து நாயின் பெயர், ஊர், இனம் பற்றிய ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நாயினங்களை அவை தோன்றிய நாடுகளோடு இணைத்துக் கூறுவது இன்று பொதுவழக்காக உள்ளது. இவ்வழக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பதிவுமுறையால் நிலைபெற்றது. அதற்கு முன்பு நாயை அடையாளப்படுத்த வேறு முறைகள் இருந்தன. தருமபுரி மாவட்டத்தை ஒட்டிய செங்கம் பகுதியின் எடுத்தனூர் நடுகல், கருநாடகத்தின் ஆதகூர்க் கல்வெட்டு, பழைய கிரேக்கக் குறிப்புகள் ஆகியவற்றை ஒப்பிட்டு, நாயைத் தனிப்பெயரால் சுட்டுதல், நாட்டால் சுட்டுதல், இனத்தால் சுட்டுதல் என்னும் மூன்று முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது. நடுகல் நாய்களுக்கு இக்கால இனப்பெயர்களைச் சூட்டும் போக்கு ஏன் பொருந்தாது என்பதும், பதிவேட்டுக்கு வெளியே நிற்கும் ஊர்நாய்களை ஆவணப்படுத்த வேண்டியதன் தேவையும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நடுகல், எடுத்தனூர், கோவிவன், ஆதகூர், தகடூர், நாயினம், தோற்ற நாடு, நாட்டு நாய்.

முன்னுரை

தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். அதியமான் மரபினர் ஆண்ட இந்நிலப்பகுதியும் இதனைச் சூழ்ந்த செங்கம், கிருஷ்ணகிரிப் பகுதிகளும் தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கும் நிலங்களாகும். 1965ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. ஆகவே இப்பகுதியின் நடுகற்களை ஆராய்வோர் இன்றைய மாவட்ட எல்லைகளைக் கடந்தே சான்றுகளைத் திரட்ட வேண்டியுள்ளது. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் என்னும் தொகுதியும், அதனைத் தொடர்ந்து வெளிவந்த தருமபுரிக் கல்வெட்டுகள் தொகுதியும் இவ்வாய்வுக்கு அடிப்படையானவை.

ஆநிரை கவர்தல், மீட்டல், ஊர்காத்தல், விலங்கொடு பொருதல் ஆகியவற்றில் உயிர்நீத்த வீரர்களுக்காக எடுக்கப்பட்டவையே பெரும்பாலான நடுகற்கள். அவற்றுள் சில, வீரனோடு நின்ற விலங்கையும் நினைவில் வைத்துள்ளன. அவ்வகையில் நாய் பெறும் இடம் தனித்துக் கவனிக்கத்தக்கது. நாயைப் பற்றி இன்று எழுதுவோர் முதலில் வினவுவது 'இது என்ன இனம், எந்த நாட்டு இனம்' என்பதே. நடுகல்லை நிறுவியவர் அவ்வினாவை எழுப்பவில்லை. அவர்கள் வேறொன்றைப் பதிவுசெய்தனர். இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. எடுத்தனூர் நடுகல்: பெயர்பெற்ற நாய்

எடுத்தனூர் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில், தருமபுரி மாவட்டத்தின் கிழக்கு எல்லையை அடுத்த செங்கம் பகுதியில் உள்ளது. இங்குள்ள நடுகல் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, எனவே கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதிக்கு உரியது. வாணகோ அரைசரின் மருமகனான பொற்றொக்கையார் என்பாரின் இளமகன் கருந்தேவகத்தி, எருமை மந்தையைக் காக்கும் பூசலில் உயிர்நீத்த செய்தியை இக்கல்வெட்டு கூறுகிறது. வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்பதும் தனியே பொறிக்கப்பட்டுள்ளன.

இக்கல்வெட்டு நாயைப் பற்றித் தரும் செய்திகளைப் பிரித்து நோக்கினால் நான்கு கூறுகள் புலப்படும்: அதன் பெயர், அது யாருடன் நின்றது, அது என்ன செய்தது, எத்தனை பேரை எதிர்த்தது. நிறம், உயரம், செவியின் அமைப்பு, பிறந்த ஊர் ஆகியன சொல்லப்படவில்லை. வீரனுக்குப் பெயர், தலைவன், செயல் ஆகியவற்றைக் கூறும் நடுகல் வாய்பாடே நாய்க்கும் பயன்பட்டுள்ளது. ஒரு வீரனைப் பற்றிச் சொல்ல வேண்டியவை எவையோ அவையே நாயைப் பற்றியும் சொல்லப்பட்டுள்ளன.

கோவிவன் என்னும் பெயரின் ஈறும் நோக்கத்தக்கது. மக்கட்பெயர்களில் ஆண்பாலைக் குறிக்கும் 'அன்' ஈற்றை இப்பெயர் பெற்றுள்ளது. அஃறிணை உயிருக்கு இத்தகைய பெயர் அமைவது தமிழ் இலக்கணத்துக்குப் புறம்பானதன்று. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் இயற்பெயர்களைத் தொல்காப்பியம் விரவுப்பெயர் என வகுத்துள்ளது. சாத்தன் என்னும் பெயர் ஒரு மனிதனையும் குறிக்கும், ஓர் எருதையும் குறிக்கும். வரும் வினையே திணையை உணர்த்தும் என்பது உரையாசிரியர் தரும் விளக்கம். இலக்கணம் வகுத்த இந்நெறிக்கு நடுகல் நாயின் பெயர் கல்லில் கிடைத்த நல்லதோர் எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கது.

2. காளி, தவுரோன்: காட்டுப்பன்றியை எதிர்த்த இரு நாய்கள்

தகடூர்ப் பகுதி பல்லவர், கங்கர், நுளம்பர் ஆகியோரின் அரசியல் எல்லைகள் கலந்த நிலம். ஆகவே இங்குள்ள நடுகல் மரபைக் கன்னட நாட்டு வீரக்கல் மரபோடு சேர்த்தே நோக்க வேண்டும். மண்டியா மாவட்டம் ஆதகூரில் கிடைத்த கல்வெட்டு சக ஆண்டு 872, அதாவது கி.பி. 949-50ஐச் சேர்ந்தது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த செய்தியைக் கூறுவதால் வரலாற்றாசிரியர் இதனைப் பெரிதும் எடுத்தாள்வர். ஆனால் அக்கல் எழுந்ததன் காரணம் ஒரு நாய். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுக்குத் துணைநின்ற கங்க மன்னன் பூதுகன், தன் வீரன் மணலேரனின் ஆற்றலைப் பாராட்டி வேண்டுவது கேட்குமாறு கூறினான். மணலேரன் காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்நாய் பெரியதொரு காட்டுப்பன்றியோடு பொருதது; இரண்டும் ஒருங்கே மடிந்தன. அதன் நினைவாகக் கோயில் முன் கல் நிறுவப்பட்டு, வழிபாட்டுக்கு நிலமும் அளிக்கப்பட்டது. போர்ச்செய்தியும் வேட்டைக்காட்சியும் ஒரே கல்லில் இடம்பெற்ற இச்சான்று இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

இதனோடு ஒப்பிடத்தக்க சான்று எகிப்தில் கிடைத்துள்ளது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் பாயூம் பகுதியில் வாழ்ந்த செனோன் என்னும் கிரேக்க அலுவலரின் ஆவணத் தொகுதியில், தவுரோன் என்னும் நாய்க்கு இயற்றப்பட்ட இரு கல்லறைப் பாடல்கள் உள்ளன. தன்னை வளர்த்தவனைக் காட்டுப்பன்றியிடமிருந்து காத்து, பன்றியைக் கொன்று தானும் மடிந்தது அந்நாய். அப்பாடல் நாயின் பெயரோடு மற்றொன்றையும் குறிக்கிறது: அது இந்திய நாய்.

இரு நாய்களும் செய்த செயல் ஒன்றே. இரண்டும் பன்றியோடு மடிந்தன. இரண்டுக்கும் நினைவு அமைந்தது. ஆயினும் ஆதகூர்க் கல் காளியை நாட்டால் சுட்டவில்லை. எகிப்தியப் பாடல் தவுரோனை நாட்டால் சுட்டுகிறது. காரணம் தெளிவானது. ஒரு பொருள் தான் பிறந்த நிலத்தில் இருக்கும்வரை அதற்கு நாட்டுப்பெயர் தேவைப்படுவதில்லை. எல்லை கடந்த பின்னரே அப்பெயர் ஒட்டுகிறது. காளியைப் பெற்றவனும் கொடுத்தவனும் ஒரே நிலத்தினர். தவுரோன் கடல்கடந்த நிலத்தில் அயலதாய் அறியப்பட்டது.

இந்திய நாய்கள் மேற்கே அறியப்பட்டமைக்கு முந்தைய சான்றும் உண்டு. பாரசீகப் பேரரசின் பாபிலோனிய ஆளுநர் ஒருவர் மிகப்பல இந்திய நாய்களை வளர்த்தார் எனவும், அவற்றுக்கு உணவளிக்கும் பொறுப்புக்காக நான்கு பெரிய ஊர்களுக்கு ஏனைய வரிகள் நீக்கப்பட்டன எனவும் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் எரோடோட்டசு எழுதியுள்ளார். இங்கு 'இந்திய' என்பது வணிகரும் அரசரும் அறிந்த பெருநிலப்பெயர். அதனுள் எந்த ஊர், எந்த வகை என்பதை அச்சொல் உணர்த்தாது.

3. தமிழ் இலக்கண இலக்கியங்களில் நாய்

தமிழ்மரபு நாயை எவ்வாறு வகைப்படுத்தியது என்பதை அடுத்து நோக்கலாம். தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைப்பெயராகக் குருளை என்பதைக் கூறுகிறது. நாய்க்கும் பன்றிக்கும் உரிய பெண்மைப்பெயராகப் பாட்டி என்பதைத் தருகிறது. இவை பருவமும் பாலும் பற்றிய பெயர்கள். ஞமலி, ஞாளி முதலியன இலக்கியத்தில் பயிலும் பொதுப்பெயர்கள். இவற்றுள் ஞமலி என்பது பூழிநாட்டில் நாயைக் குறித்து வழங்கிய திசைச்சொல் என்பது இலக்கண உரைகளில் காணப்படும் குறிப்பு. இங்கு நாடு என்பது நாய்க்கு அடைமொழியாகாமல் சொல்லுக்கு உரிய நிலமாக நிற்கிறது. நாய் எந்த நாட்டது என்பதை உரையாசிரியர் ஆராயவில்லை. நாயைக் குறிக்கும் சொல் எந்த நாட்டது என்பதையே ஆராய்ந்தனர்.

சங்கப் பாடல்களில் நாய் தொழிலோடும் திணையோடும் இணைந்தே வருகிறது. பெரும்பாணாற்றுப்படை காட்டும் வேட்டைக்காட்சியில், புதர்களை அலைத்து, வேலியில் வலைகளைத் தொடர்ந்து மாட்டி, நாய்களின் துணையோடு முயல்களைத் தப்பவிடாது வளைக்கும் முறை கூறப்படுகிறது. வலையும் நாயும் இணைந்து இயங்கும் இவ்வேட்டையில் விரைந்தோடிப் பிடிக்கும் திறனைவிட, மறைவிடத்திலிருந்து விலங்கை வெளிப்படுத்தும் திறனே முதன்மை பெறுகிறது. இத்தகைய தொழில்நுணுக்கங்கள் சங்க இலக்கியத்தில் உண்டு. உடலமைப்பு அடிப்படையிலான இனப்பாகுபாடு இல்லை.

அறநூல் மரபில் நாய் நன்றியின் குறியீடாகிறது. நாலடியார், பாகனைக் கொல்லும் யானையின் இயல்பையும், தன்மீது வேல் எய்தவனிடமும் வாலைக் குழைக்கும் நாயின் இயல்பையும் ஒப்பிட்டு, நட்புக்கு உவமையாக்குகிறது. சமயமரபில் நாய் வைரவரின் ஊர்தி. தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டையின் காலபைரவர் கோயில் இம்மரபின் இன்றைய வாழ்வுக்குச் சான்று. இலக்கணத்தில் பருவமும் பாலும், இலக்கியத்தில் தொழிலும் திணையும், அறநூலில் பண்பும், நடுகல்லில் பெயரும் செயலும் என நாய் பல நிலைகளில் பதிவாகியுள்ளது. இவற்றுள் எங்கும் இனம் என்னும் அளவுகோல் இடம்பெறவில்லை.

4. இனம் என்னும் கருத்தின் தோற்றம்

வீட்டுநாய் சாம்பல்நிற ஓநாயின் பழங்குலத்திலிருந்து தோன்றியது. தமிழில் செந்நாய் என வழங்கும் காட்டுவிலங்கு வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது. பெயரில் நாய் என்னும் சொல் அமைந்தாலும் வீட்டுநாயின் மூதாதை அன்று. ஜெர்மனியின் பான் நகரை அடுத்த ஓபர்காசலில் மனிதரோடு புதைக்கப்பட்ட நாயின் எலும்புகள் ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழமையுடையவை. காசுமீரத்தின் பூர்சகோம் புதியகற்காலக் குடியிருப்பிலும் மனிதரோடு நாயைப் புதைத்த வழக்கம் அறியப்பட்டுள்ளது.

இவ்வளவு நீண்ட உறவில் இன்றைய பொருளில் இனம் என்பது மிக அண்மையது. வேட்டை, காவல், மேய்ச்சல் ஆகிய தொழில்களுக்கேற்ப நாய்களைத் தெரிந்து வளர்ப்பது தொன்மையானது. ஆனால் தோற்றத்தை வரையறுக்கும் எழுத்துவடிவத் தரம், மூடிய வம்சாவளிப் பதிவேடு, காட்சிப்போட்டி ஆகிய மூன்றும் சேர்ந்த அமைப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவானது. 1859இல் நியூகாசில் நகரில் நாய்க்காட்சி நடைபெற்றது; 1873இல் இலண்டனில் கென்னல் கிளப் நிறுவப்பட்டது; 1911இல் ஐரோப்பிய நாடுகளின் அமைப்புகள் இணைந்து பன்னாட்டு நாயியல் கூட்டமைப்பைத் தொடங்கின. இக்கூட்டமைப்பு ஏறத்தாழ 350 இனங்களை ஏற்றுள்ளது. ஒவ்வோர் இனத்தின் தரத்துக்கும் பொறுப்பேற்கும் நாடு அதன் தோற்ற நாடாகவோ காப்பு நாடாகவோ குறிக்கப்படுகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. பதிவேட்டில் காணப்படும் நாட்டின் பெயர் ஓர் உயிரியல் செய்தியாக மட்டும் அமைவதில்லை. அது நிருவாகச் செய்தியும் ஆகும். அந்நாயின் முன்னோர் எங்கு வாழ்ந்தனர் என்பதும், அதன் தரத்தை எழுதியவர் எந்நாட்டவர் என்பதும் வெவ்வேறாக இருக்கலாம்.

5. தோற்ற நாடு: பெயரும் உண்மையும்

பெயரில் ஒரு நாடும் வரலாற்றில் மற்றொரு நாடும் அமைந்த இனங்கள் பல. கிரேட் டேன் என்னும் பெயர் டென்மார்க்கைச் சுட்டுகிறது; ஆனால் அவ்வினம் ஜெர்மனியில் உருவானது. ஆசுதிரேலியன் செப்பர்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உருவானது. லாப்ரடாரின் முன்னோர் நியூபவுண்ட்லாந்து தீவின் மீனவரோடு வாழ்ந்தவை. இன்றைய இனம் பிரித்தானியாவில் வடிவம் பெற்றது. சைபீரியன் அசுக்கி வடகிழக்கு ஆசியாவின் சுக்சி மக்கள் பனிவண்டி இழுக்க வளர்த்த நாய்களின் வழிவந்தது; எனினும் அதன் தரத்தைக் காக்கும் நாடு அமெரிக்கா. தரம் எழுதும் நிறுவனம் சுக்சி மக்களிடம் இல்லாமையால் பதிவேட்டில் அவர்களின் பெயர் நாட்டின் இடத்தைப் பெறவில்லை.

அரசியலும் நாயின் நாட்டை மாற்றியுள்ளது. ஜெர்மன் செப்பர்டு இனத்துக்கு 1899இல் மேக்சு வான் சுடெபானிட்சு அடித்தளமிட்டார். முதல் உலகப்போருக்குப் பின்னர் ஜெர்மனி மீதான வெறுப்பின் காரணமாகப் பிரித்தானியப் பதிவேட்டில் இந்நாய் அல்சேசியன் எனப் பெயரிடப்பட்டது. அல்சாசு என்பது அப்போரின் முடிவில் ஜெர்மனியிடமிருந்து பிரான்சுக்கு மாறிய நிலப்பகுதி. 1977இல் பழைய பெயர் பிரித்தானியாவில் மீண்டும் ஏற்கப்பட்டது. ஆனால் தமிழகத்தில் பலரும் நெடுங்காலம் இந்நாயை அல்சேசன் என்றே அழைத்தனர். ஒரு போரினால் விளைந்த பெயர்மாற்றம், அப்போரோடு தொடர்பற்ற ஊர்த்தெருக்களில் நாயின் இயற்பெயர்போல நிலைத்தமை மொழியியல் நோக்கில் சுவையானது.

நாட்டைவிடச் சிற்றூரோ நகரமோ பெயராக அமைந்த இனங்களும் உண்டு. ராட்வைலர், ராட்வைல் என்னும் ஜெர்மானிய நகரின் பெயரைக் கொண்டது. பொமரேனியன், பால்டிக் கடற்கரையின் பொமரேனியா நிலப்பகுதியின் பெயரைப் பெற்றது. அந்நிலம் இன்று ஜெர்மனிக்கும் போலந்துக்கும் இடையே பிரிந்துள்ளது. டாபர்மேன், ஜெர்மனியின் அப்போல்டா நகரில் வரித்தண்டலராக இருந்தவரின் குடிப்பெயரைத் தாங்கியது. ஆகவே 'எந்த நாட்டு நாய்' என்னும் வினாவுக்கு விடை கூறுமுன், முன்னோர் வாழ்ந்த நிலம், இனம் வடிவம்பெற்ற நிலம், தரம் எழுதப்பட்ட நாடு, பெயர் சுட்டும் இடம் என நான்கையும் வேறுபடுத்திக் காண்பது தேவை.

6. தமிழகத்து இனங்கள்: ஊரே பெயராதல்

தமிழகத்தின் அறியப்பட்ட நாயினங்கள் பெரும்பாலும் ஊர்ப்பெயர் தாங்கியவை. ராஜபாளையம் விருதுநகர் மாவட்டத்து நகரம். வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் அந்நாயின் அறியப்பட்ட அடையாளங்கள். சிப்பிப்பாறை அதே மாவட்டத்துச் சிற்றூர். ஒடுங்கிய இடையும் நீண்ட கால்களும் கொண்டு பார்வையால் விரட்டிப் பிடிக்கும் வேட்டைநாய் அப்பெயர் பெறும். கோம்பை தேனி மாவட்டத்தில் மேற்குமலைத் தொடரின் அடிவாரத்து ஊர். செந்நிற உடலும் கரிய முகவாயும் உடைய காவல்நாய் அப்பெயரால் வழங்குகிறது. கன்னி மட்டும் ஊர்ப்பெயரின்றி வழங்கும் இனம். அண்டை மாநிலமான கருநாடகத்தின் முதோல் நாயும் பாகல்கோட்டை மாவட்டத்து ஊரின் பெயரையே கொண்டது.

விலங்கை ஊரின் பகுதியால் சுட்டும் வழக்கம் நடுகல் காலத்திலேயே உண்டு. அரசலாபுரம், இந்தளூர் ஆகிய ஊர்களில் சண்டைச் சேவல்களுக்காக எடுக்கப்பட்ட கற்கள் அச்சேவல்களை மேற்சேரி, கீழ்ச்சேரி எனச் சேரியோடு இணைத்துக் குறிக்கின்றன. ஆனால் அங்குச் சேரி என்பது அச்சேவல் எத்தரப்புக்காகப் பொருதது என்பதை உணர்த்துகிறது. அதன் வகையை உணர்த்துவதன்று.

ஊர்ப்பெயர் பெற்ற நாய்கள் இனங்களாகப் பதிவானது அண்மை நிகழ்வு. 2005இல் இந்திய அஞ்சல்துறை இமயமலை ஆட்டுநாய், ராம்பூர், முதோல், ராஜபாளையம் ஆகிய நான்கின் உருவங்களோடு அஞ்சல்தலைகளை வெளியிட்டது. அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபியல் வள நிலையம் 2020இல் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகிய மூன்றையும் இந்திய நாயினங்களாக முதன்முதலில் பதிவுசெய்தது. தமிழ்நாடு அரசின் கால்நடைத் துறை முன்பு சைதாப்பேட்டையில் நாட்டு நாயினப்பெருக்கப் பிரிவு ஒன்றை நடத்திவந்தது. 2024இல் வெளியிடப்பட்ட மாநில நாய் வளர்ப்புக் கொள்கை நாட்டு இனங்களின் காப்பை வலியுறுத்தியதோடு, இவ்வெப்பநிலத்துக்கு ஒவ்வாத அயலினங்கள் சிலவற்றின் இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தவும் முற்பட்டது.

பதிவு நன்மை தருவது. ஆயினும் தோற்றத்தை மட்டும் அளவுகோலாக்கும்போது இடர் விளையும். ராஜபாளையம் நாய்களில் செவிப்புலனின்றிப் பிறக்கும் குட்டிகள் காணப்படுவது நெடுநாளாக அறியப்பட்ட சிக்கல். நிறமியின்மையோடு தொடர்புடைய இக்குறை, வெண்மையையே விரும்பித் தெரிந்தெடுப்பதால் தொடர்கிறது. காவலுக்கென வளர்க்கப்பட்ட நாய் ஓசை கேளாததாகப் பிறப்பது, தொழிலினும் தோற்றம் முதன்மைபெற்றதன் விளைவு.

7. நடுகல் நாய்க்கு இனம் கூறலாமா?

எடுத்தனூர் நாயையோ ஏனைய நடுகல் நாய்களையோ இன்ன இனம் எனக் கூறும் போக்கு பொது எழுத்துகளில் காணப்படுகிறது. தம் மண்ணின் நாய்க்குத் தொன்மை தேடும் ஆர்வம் இதன் பின்னணி. அவ்வார்வம் மதிக்கத்தக்கதே. எனினும் ஆய்வுநெறி அதனை ஏற்பதற்கு மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது, கல்வெட்டுத் தடை. கல்வெட்டில் இனப்பெயரோ அதனை உணர்த்தும் உடற்குறிப்போ இல்லை. பெயர் கோவிவன் என்பதிலிருந்து நாயின் வகையைப் பெற இயலாது.

இரண்டாவது, சிற்பத் தடை. நடுகல் உருவங்கள் குறைந்த ஆழமுடைய புடைப்புகளாகச் செதுக்கப்பட்டவை. வீரனைப் பெரிதாகவும் பிறவற்றைச் சிறிதாகவும் காட்டுவது அச்சிற்பமரபு. ஆகவே உருவ அளவைக் கொண்டு நாயின் உயரத்தைக் கணிக்க இயலாது. சுருண்ட வால், நிமிர்ந்த செவி ஆகியன இந்தியாவின் ஊர்நாய்களிடையே பரவலாகக் காணப்படும் பொதுக்கூறுகள். அவை தனியோர் இனத்தைச் சுட்டா. நிறம் கல்லில் இல்லை. இன்றைய இனப்பாகுபாட்டில் நிறம் முதன்மைக் கூறாதலின் இக்குறை பெரிது.

மூன்றாவது, காலத் தடை. இனம் என்னும் கருத்து மூடிய பதிவேட்டோடு பிறந்தது. ஏழாம் நூற்றாண்டு நாயை இருபத்தொன்றாம் நூற்றாண்டுப் பதிவேட்டில் சேர்ப்பது, பிற்கால வகைப்பாட்டை முற்காலத்தின் மீது ஏற்றுவதாகும். இன்றைய கோம்பை நாயின் முன்னோர் அக்காலத்தில் வாழ்ந்திருப்பர் என்பது இயல்பே. எல்லா நாய்களுக்கும் முன்னோர் உண்டு. அம்முன்னோர் எடுத்தனூரில் நின்றன என்பதற்கு எலும்பெச்சமும் மரபணுச் சான்றும் வேண்டும்.

இம்மறுப்பு நடுகல்லின் மதிப்பைக் குறைப்பதன்று. கல்வெட்டு சொல்லாத இனத்தைத் தேடுவதால், அது சொல்லும் பெயரும் செயலும் பின்தள்ளப்படுகின்றன. இந்நாய் உயர்ந்த இனத்தது என்பதால் கல்லில் இடம்பெறவில்லை. காத்து நின்றது என்பதால் இடம்பெற்றது.

8. பதிவேட்டுக்கு வெளியே: தருமபுரியின் ஊர்நாய்கள்

'நாட்டு நாய்' என்னும் தொடர் இன்று இருபொருளில் வழங்குகிறது. ஒன்று, அயல்நாட்டு இனங்களுக்கு எதிராக நிறுத்தப்படும் பதிவுபெற்ற உள்நாட்டு இனம். மற்றொன்று, ஊரிலும் தெருவிலும் வாழும் பெயரற்ற நாய். நாடு என்னும் சொல் ஊர்சூழ்ந்த நிலப்பகுதி, அரசுடைய தேசம் என்னும் இருபொருளும் உடையதாதலின் இம்மயக்கம் நேர்கிறது. நாட்டுக்கோழி, நாட்டுமாடு என்பவற்றிலும் இதே நிலை உண்டு. இனக்காப்புத் திட்டங்கள் பயன்படுத்துவது முதற்பொருளை. ஊர்மக்கள் பெரிதும் பயன்படுத்துவது இரண்டாம் பொருளை. ஆய்வாளர் இவ்விரண்டையும் வேறுபடுத்தி எழுதுவது இன்றியமையாதது.

தருமபுரி மாவட்டத்தின் பெயரால் பதிவுபெற்ற நாயினம் எதுவும் இல்லை. ஆயினும் பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டங்களின் மலையடிவார ஊர்களில் ஆட்டுப்பட்டிக்கும் கொல்லைக்கும் காவலாக நாய்கள் நிற்கின்றன. எடுத்தனூர் நாய் செய்த அதே தொழிலை இவை செய்கின்றன. ஊர்ப்பெயர்களில் மிகுதியாகப் பயிலும் பட்டி என்னும் சொல் ஆடுமாடு அடைக்கும் இடத்தையும் சிற்றூரையும் குறிப்பது. மலையாளத்தில் அதே வடிவச் சொல் நாயைக் குறிக்கிறது. மந்தை, ஊர், நாய் ஆகியவற்றுக்கிடையே பொருளியல் தொடர்பு உண்டா என்பது சொற்பிறப்பு நோக்கில் தனியே ஆராயத்தக்கது. வடிவ ஒப்புமை மட்டுமே அதற்குப் போதிய சான்றாகாது.

இம்மாவட்டம் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் வழங்கும் நிலம். நாயைக் கன்னடம் நாயி என்றும், தெலுங்கு குக்க என்றும் கூறும். தமிழிலும் குக்கல் என்னும் சொல் நாய்க்கு உண்டு. ஆகவே இங்குக் களஆய்வு செய்வோர் நாய்க்கிடும் பெயர்கள், நிறச்சொற்கள், ஏவல் ஒலிகள், தொழிற்சொற்கள் ஆகியவற்றை மும்மொழியிலும் திரட்டினால் மொழித்தொடர்பு ஆய்வுக்குப் பயன்படும் தரவுகள் கிடைக்கும். மேய்ச்சல் தொழில் சுருங்கி, பட்டிகள் குறைந்துவரும் சூழலில் இச்சொற்கள் மறையுமுன் திரட்டப்பட வேண்டும்.

இத்தகைய களஆய்வில் நடுகல் வாய்பாடே வழிகாட்டியாக அமையலாம். நாயின் பெயர் யாது? யாருடையது? எதைக் காக்கிறது? எதை எதிர்த்தது? இந்நான்கு வினாக்களோடு நிறமும் உடலளவும் சேர்க்கப்பட்டால், பண்பாட்டியலாருக்கும் கால்நடை அறிவியலாருக்கும் ஒருங்கே உதவும் ஆவணம் உருவாகும். தோற்றத்தை மட்டும் குறிக்கும் பதிவேடு தொழிலை இழக்கிறது. தொழிலை மட்டும் குறிக்கும் நடுகல் தோற்றத்தை இழந்தது. இரண்டையும் இணைப்பதே இன்றைய ஆய்வாளர் ஆற்றக்கூடிய பணி.

முடிவுரை

நாயை அடையாளப்படுத்தும் முறை அதனை அடையாளப்படுத்துவோரின் தேவையைச் சார்ந்து மாறியுள்ளது. உடன்வாழ்ந்த சமூகம் தனிப்பெயரால் சுட்டியது. எடுத்தனூர்க் கோவிவனும் ஆதகூர்க் காளியும் அதற்குச் சான்றுகள். எல்லைகடந்து பெற்ற சமூகம் நாட்டால் சுட்டியது. எகிப்தில் மடிந்த இந்திய நாய் தவுரோன் அதற்குச் சான்று. காட்சியும் வணிகமும் சார்ந்த இக்காலச் சமூகம் இனத்தால் சுட்டுகிறது. தோற்ற நாடு என்னும் குறிப்பு, முன்னோர் நிலத்தையன்றித் தரம் எழுதிய நிறுவனத்தின் நாட்டைக் குறிக்கவும் கூடும் என்பதைச் சைபீரியன் அசுக்கி முதலிய சான்றுகள் உணர்த்துகின்றன.

நடுகல் நாய்களுக்கு இக்கால இனப்பெயர் சூட்டுவதைத் தவிர்த்து, கல்வெட்டு கூறும் செய்தியளவில் அவற்றை விளக்குவதே பொருத்தமான நெறி. தமிழகத்து இனங்களின் காப்பில் தொழில்திறனும் உடல்நலமும் தோற்றத்துக்கு இணையாக மதிக்கப்பட வேண்டும். பதிவேட்டில் இடம்பெறாத ஊர்நாய்களின் பெயரும் பணியும் வட்டாரவாரியாகத் திரட்டப்பட வேண்டும். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்பு ஓர் எருமை மந்தையின் அருகே நின்ற நாயின் பெயரை நாம் இன்று அறிகிறோம். இன்று தருமபுரியின் பட்டிகளில் நிற்கும் நாய்களைப் பற்றி அந்த அளவுக்கேனும் எழுதிவைப்பது நம் காலத்துக் கடமையாகும்.